இரவு 2 மணி விளக்குகள்

மாதவிடாய் நிற்கும் வயதில் காரணமில்லாத படபடப்பும் பாதியில் கலையும் தூக்கமும் லட்சக்கணக்கான பெண்களை வாட்டுகின்றன. இதற்கு மருந்து உண்டு, மருந்தில்லாத வழியும் உண்டு. மலையடிவாரக் கிராமங்களுக்கு இரண்டுமே தாமதமாகத்தான் வந்து சேர்கின்றன.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்பு வருகிறது வித்துரா. சுற்றிலும் ரப்பர் மரங்கள். பக்கத்திலேயே பேப்பாறை அணை, அதற்கு மேலே போணக்காடு தேயிலைத் தோட்டம், காட்டை ஒட்டிக் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள். இங்கே பொழுது சீக்கிரமே தொடங்கிவிடும். ரப்பர் மரத்தைக் கீற ஏற்ற நேரம் வெயில் ஏறும் முன்புதான். சூடு வந்துவிட்டால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் இருள் பிரிவதற்கு முன்பே நெற்றியில் கட்டிய விளக்குகள் மரங்களுக்கிடையே நகர ஆரம்பிக்கின்றன.

அதற்கும் முன்னால், இரவு 2 மணிக்கு எரியும் விளக்குகள் வேறு வகை. அவை சமையலறையில் எரிபவை. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண் ஒருத்தி வியர்வையில் நனைந்த ரவிக்கையோடு எழுந்து வந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். நெஞ்சு அடித்துக்கொள்ளும். வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று தோன்றும். ஒன்றும் ஆகியிருக்காது. மறுபடி படுத்தால் தூக்கம் வராது. வித்துராவில் மட்டுமல்ல, நாகர்கோவிலிலும் நாமக்கல்லிலும் இந்த விளக்குகள் எரிகின்றன. வீட்டில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மலையாளத்தில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: ஆர்த்தவ விராமம். தமிழில் 'நின்றுபோச்சு' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இரண்டிலுமே ஒரு சின்னக் கோளாறு உண்டு. ஏதோ ஒரு நாளில் குழாயை மூடியதுபோல எல்லாம் நின்றுவிடும் என்ற எண்ணத்தை அவை தருகின்றன. உண்மை அப்படியல்ல. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அதை மெனோபாஸ் என்று டாக்டர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய நாலைந்து ஆண்டுகள், சிலருக்கு இன்னும் அதிகம், மாதவிடாய் முன்னும் பின்னுமாக வந்துகொண்டிருக்கும். ஒரு மாதம் 22 நாளில், அடுத்தது 50 நாளில், பிறகு ஒரு தடவை கொட்டித் தீர்க்கும். பெரிமெனோபாஸ் எனப்படும் இந்த இடைக்காலத்தில்தான் தொல்லை அதிகம். மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பதால், தனக்கு நேர்வதற்கும் அதற்கும் தொடர்பிருக்கும் என்று அந்தப் பெண்ணுக்கே தோன்றாது.

இந்தியப் பெண்களுக்கு மெனோபாஸ் வரும் சராசரி வயது சுமார் 46. மேலை நாடுகளில் 51. ஆகவே அங்கே எழுதப்பட்ட புத்தகங்களைப் பார்த்து 'நமக்கு இன்னும் வயதாகவில்லை' என்று நம்மவர்கள் நினைத்தால், ஐந்து ஆண்டுகள் பிந்திவிடுவார்கள். கேரளக் கிராமம் ஒன்றில் நூற்றுச் சொச்சம் பெண்களிடம் நடத்தி 2013-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில் சராசரி வயது 48 என்று தெரிந்தது. அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது வயது அல்ல. தொல்லைகளின் பட்டியலில் முதலிடம் பிடித்தவை அழுகை, மனச்சோர்வு, எரிச்சல். பத்தில் ஒன்பது பேர் இவற்றைச் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் உடம்புத் தொல்லைகளைத்தான் பெண்கள் சொல்வார்கள், மனசைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று நம்புகிறவர்களுக்கு அது ஒரு பதில். கேட்டால் சொல்கிறார்கள்.

கேரளத்தில் பிறக்கும் பெண்ணின் சராசரி ஆயுள் சுமார் 78 ஆண்டுகள். கணக்குப் போட்டால், மாதவிடாய் நின்ற பிறகு அவள் இன்னும் 30 ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது. பாட்டி காலத்தில் இந்தப் பேச்சே இல்லையே என்பவர்கள், பாட்டிகளில் எத்தனை பேர் இந்த வயதைத் தாண்டினார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

தெர்மோஸ்டாட் பழுது

உடம்புக்குள் நடப்பது இதுதான். சினைப்பைகள் ஓய்வு பெறும்போது ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைவதில்லை. ஒரு வாரம் உச்சத்துக்குப் போகும், அடுத்த வாரம் பாதாளத்தில் விழும். இந்த ஏற்ற இறக்கம்தான் குறைவைவிட மோசமானது. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சுரப்பதே அரிது. இந்த புரோஜெஸ்டரோனிலிருந்து உடம்பு தயாரித்துக்கொள்ளும் ஒரு பொருள், மூளையைச் சாந்தப்படுத்தும் வேலையைச் செய்கிறது. தூக்க மாத்திரைகள் மூளையின் எந்தப் பூட்டைத் திறக்கின்றனவோ, ஏறக்குறைய அதே பூட்டுக்கான உடம்பின் சொந்தச் சாவி அது. அது கிடைப்பது தாறுமாறாகும்போது, நேற்றுவரை தைரியசாலியாக இருந்தவள் இன்று தபால்காரர் கதவைத் தட்டினால்கூடத் திடுக்கிடுகிறாள்.

வெப்பம் பரவுவது இன்னொரு கதை. மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற சிறு பகுதிதான் உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அமெரிக்காவின் அரிஸோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நயோமி ரான்ஸ் என்ற நரம்பு நோய்க்கூறு நிபுணர், மாதவிடாய் நின்ற பெண்களின் ஹைப்போதாலமஸில் ஒரு வகை நரம்பணுக்கள் பருத்திருப்பதை 1990-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற கடிவாளம் இல்லாமல் அந்த அணுக்கள் தறிகெட்டு ஓடுகின்றன. விளைவு, அரை டிகிரி சூடு கூடினாலும் உடம்பு தீப்பிடித்துவிட்டதுபோல எச்சரிக்கை மணி அடிக்கிறது. முகமும் கழுத்தும் சிவந்து, வியர்த்துக் கொட்டி, இரண்டு மூன்று நிமிடங்களில் குளிர ஆரம்பிக்கிறது. பகலில் என்றால் முந்தானையால் விசிறிக்கொள்ளலாம். இரவில் வந்தால் தூக்கம் கலைகிறது.

இது எத்தனை நாளைக்கு? அமெரிக்காவில் பல இனங்களைச் சேர்ந்த பெண்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று, அடிக்கடி வெப்பம் பரவும் பெண்களுக்கு இது நீடிக்கும் காலத்தின் நடுமதிப்பு 7.4 ஆண்டுகள் என்று 2015-ல் அறிவித்தது. 'ஆறு மாதத்தில் சரியாகிவிடும், பொறுத்துக்கொள்' என்று சொல்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தவறான வாசல்கள்

நள்ளிரவில் நெஞ்சு படபடத்தால் யாரும் முதலில் நினைப்பது மாரடைப்பைத்தான். அதில் தவறில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இதய நோய் அபாயம் உண்மையாகவே கூடுகிறது. ஆகவே நெஞ்சு வலியோ, கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலியோ, மூச்சுத் திணறலோ இருந்தால் ஹார்மோன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே வியர்வை, இதே தூக்கமின்மை வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ரத்தசோகையும் அப்படியே. கொட்டித் தீர்க்கும் மாதவிடாய் உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் பார்க்காமல் படபடப்புக்கு மருந்து கொடுப்பது பாதி வைத்தியம்தான்.

பிரச்சினை அதற்குப் பிறகு. இ.சி.ஜி. சரி, தைராய்டு சரி, ரத்தம் சரி. 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட பெண் வீட்டுக்கு வந்து மறுபடி 2 மணிக்கு விழித்துக்கொள்கிறாள். அடுத்து இன்னொரு டாக்டர், இன்னொரு ஸ்கேன். சில குடும்பங்களில் மந்திரவாதி. பல குடும்பங்களில் யாருக்கோ எழுதிக் கொடுத்த சீட்டில் வாங்கிய தூக்க மாத்திரை.

இந்த மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். அல்ப்ராஸோலம் போன்றவை சில நாட்களுக்கு அற்புதமாக வேலை செய்யும். அதுதான் ஆபத்து. சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். பாதி மாத்திரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். நிறுத்தினால் பழைய படபடப்பு வட்டியோடு திரும்பி வரும். எலும்பு தேயத் தொடங்கும் வயதில், இரவில் எழுந்து நடக்கும்போது தள்ளாடி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ஏற்கெனவே பல மாதங்களாகச் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடக் கூடாது. திடீர் நிறுத்தம் வலிப்பில்கூட முடியலாம். டாக்டரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் வெளியே வர முடியும்.

இன்னொரு தவறான வாசலும் இருக்கிறது, அது எதிர்த்திசையில். எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டிவிடுவது. போணக்காட்டுத் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷார் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் வாரிசுகள் லயங்களில் வாழ்கிறார்கள். தோட்டம் நொடித்து, சம்பளமும் பணிக்கொடையும் பாக்கியாகி, கூரைகள் சரிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கே ஐம்பது வயதுப் பெண் இரவில் விழித்திருந்தால், ஈஸ்ட்ரோஜனை மட்டும் குற்றம் சொல்வது அபத்தம். காட்டோரக் குடியிருப்புகளில் யானை வருமோ என்று காது கொடுத்துப் படுத்திருப்பவளுக்கு எந்த மாத்திரை தூக்கம் தரும்? குடிகாரக் கணவன், கடன் தவணை, படுக்கையில் கிடக்கும் மாமியார், திருமணமாகாத மகள், எல்லாம் இந்த வயதில்தான் ஒன்றாக வந்து குவிகின்றன. ஹார்மோன் மாற்றம் இவற்றை உண்டாக்குவதில்லை. தாங்கிக்கொள்ளும் சக்தியைத்தான் அது கழற்றி எடுத்துக்கொள்கிறது. முன்பு எப்போதாவது மனச்சோர்வு வந்தவர்களுக்கும், பிரசவத்துக்குப் பின் மனநிலை பாதிக்கப்பட்டவர்களுக்கும் இந்தக் காலத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தால் அது வயதுக் கோளாறு அல்ல, அவசர சிகிச்சை வேண்டிய நோய்.

படுக்கையைக் குறை

தூக்கம் வராதவர்களுக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: சீக்கிரம் போய்ப் படு. இதைவிடத் தவறான அறிவுரை கிடையாது. 9 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தால் படுக்கையில் 9 மணி நேரம். அதில் தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்றால், மீதி மூன்றரை மணி நேரமும் புரள்வதும் கவலைப்படுவதும்தான். நாளடைவில் படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை கற்றுக்கொண்டுவிடும். கூடத்தில் டி.வி. பார்க்கும்போது கண் சொக்குகிறவள், படுக்கையில் தலை வைத்ததும் முழு விழிப்போடு கிடப்பது இதனால்தான்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் அறிவித்தது. அது முதலிடம் தந்தது தூக்கத்துக்கான 'காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி' என்ற முறைக்கு. பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. ஆனால் முதல் இரண்டு வாரங்கள் கசக்கும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரத்துக்குத் தினமும் எத்தனை மணிக்குப் படுத்தோம், சுமாராக எவ்வளவு தூங்கினோம், எப்போது எழுந்தோம் என்று காலையில் எழுதி வைக்க வேண்டும். இரவில் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, குத்துமதிப்பு போதும். சராசரி தூக்கம் ஐந்தரை மணி நேரம் என்றால், படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஐந்தரை மணிக்குக் குறைக்க வேண்டும். 5 மணிக்கு எழ வேண்டியவள் இரவு பதினொன்றரைக்குத்தான் படுக்கைக்குப் போகலாம். அதுவரை விழித்திருப்பது சிரமம்தான். அந்தச் சிரமம்தான் மருந்து. சேர்ந்துபோன தூக்கப் பசி, படுத்ததும் அடித்துப் போட்டதுபோல் தூங்க வைக்கும், நடுவில் விழிப்பதையும் குறைக்கும். படுக்கும் நேரத்தின் பெரும்பகுதி தூக்கமாகவே கழிகிறது என்று ஆனதும், வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாரும் போகக் கூடாது. வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

இரண்டாவது விதி: தூக்கம் வராவிட்டால் கட்டிலில் கிடக்காதே. இருபது நிமிடம் போல ஆனதும் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது செய்ய வேண்டும். வெங்காயம் உரிக்கலாம், துணி மடிக்கலாம். செல்போன் கூடாது. கண் சொக்கினால் மட்டும் திரும்பி வந்து படுக்கலாம். ஆக, 2 மணிக்குச் சமையலறை விளக்கை ஏற்றுவதில் தவறில்லை. தவறு, அங்கே உட்கார்ந்து நாளைய கணக்குகளைப் போடுவதில்தான். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. சாயங்காலம் 6 மணிக்கு ஒரு பத்து நிமிடம் கவலைகளுக்கென்றே ஒதுக்கி, எல்லாவற்றையும் எழுதி, எதிரே நாளை என்ன செய்யப் போகிறோம் என்றும் எழுதிவிட வேண்டும். இரவில் கவலை வந்து கதவைத் தட்டினால் 'நீ ஏற்கெனவே நோட்டில் இருக்கிறாய்' என்று அனுப்பிவிடலாம். குழந்தைத்தனமாகத் தோன்றும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரம் மாறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் உட்பட. இங்கேதான் வித்துரா போன்ற ஊரின் கணக்கு புத்தகத்துக்கு ஒத்துவராது. ரப்பர் வெட்டுக்குப் போகும் பெண் மூன்றரைக்கு எழ வேண்டும். அவளுக்கு ஐந்தரை மணி நேரம் என்றால் இரவு 10 மணிக்குப் படுக்க வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாட்கள் வரும், அப்போது 7 மணிவரை படுத்திருந்தால் முந்தைய வாரத்தின் உழைப்பெல்லாம் வீண். வெட்டில்லாத நாளிலும் அதிகபட்சம் ஒரு மணி நேரம்தான் தள்ளி எழலாம். மதிய உணவுக்குப் பிறகு ஓலைப்பாயில் சாய்வது இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கட்டன் சாயாவை மதியத்தோடு நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் வித்துராவில் யாரும் கேட்பார்களா என்பது சந்தேகம்தான்.

இந்த முறை மெனோபாஸ் தூக்கமின்மைக்கும் பலிக்குமா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வெப்பம் பரவுவதாலும் தூக்கமின்மையாலும் அவதிப்பட்ட 106 பெண்களிடம் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். யாரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லவில்லை. 8 வாரங்களில் 6 தடவை தொலைபேசியில் பேசினார்கள், அவ்வளவே. பேசியவர்களும் தூக்க நோய் நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். தூக்கமின்மையை அளக்கும் 28 புள்ளி அளவுகோலில் இந்தப் பெண்களுக்குச் சுமார் 10 புள்ளிகள் குறைந்தன. மெனோபாஸ் பற்றிய பொதுத் தகவல்களை மட்டும் தொலைபேசியில் கேட்டவர்களுக்கு 5 புள்ளிகள்கூடக் குறையவில்லை. வெப்பம் பரவுவது நின்றுவிடவில்லை, ஆனால் அது வாழ்க்கையைக் கெடுப்பது குறைந்தது. பிரிட்டனின் சுகாதார வழிகாட்டு அமைப்பான நைஸ், 2024 நவம்பரில் தன் மெனோபாஸ் விதிகளைப் புதுப்பித்தபோது இந்த வகைச் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது.

பகல் நேரப் படபடப்புக்கும் இதே பள்ளியிலிருந்து உத்திகள் உண்டு. வெப்பம் ஏறத் தொடங்கும்போது மனம் 'ஐயோ, எல்லோரும் பார்க்கிறார்கள், மயங்கி விழப் போகிறேன்' என்று ஓடும். அந்த ஓட்டம்தான் பாதி வியர்வைக்குக் காரணம். தோளைத் தளர்த்தி, வயிறு அசையும்படி மெதுவாக மூச்சு விட்டு, 'மூன்று நிமிடத்தில் போய்விடும்' என்று சொல்லிக்கொள்ளப் பழகினால் அதன் வேகம் குறைகிறது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். தினமும் அரை மணி நேர வேக நடை தூக்கத்துக்கும் மனசுக்கும் எலும்புக்கும் நல்லது. 'நாள் பூரா வேலை செய்கிறேனே, இதில் நடை வேறா' என்று கேட்கும் பெண்களுக்கு நியாயமான பதில் எதுவும் இல்லை, வேலை செய்யும்போது மனம் ஓய்வதில்லை, நடக்கும்போது ஓய்கிறது என்பதைத் தவிர.

ஹார்மோன் ஊசல்

ஹார்மோன் சிகிச்சையின் வரலாறு ஊஞ்சல்போல ஆடியது. கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட பிரெமரின் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர், பெண்மை என்றென்றும் நிலைக்க இதுவே வழி என்று புத்தகம் எழுதினார், பெண்கள் முண்டியடித்தார்கள். 2002 ஜூலையில் ஊஞ்சல் மறுபக்கம் போயிற்று. ஈஸ்ட்ரோஜனும் செயற்கை புரோஜெஸ்டரோனும் சேர்த்துக் கொடுத்து 16,608 பெண்களிடம் நடத்தப்பட்ட அமெரிக்கச் சோதனை, மார்பகப் புற்றுநோயும் இதயப் பாதிப்பும் கூடுவதாகச் சொல்லி நடுவிலேயே நிறுத்தப்பட்டது. உலகமெங்கும் டாக்டர்கள் கையைச் சுட்டுக்கொண்டதுபோல மருந்துச் சீட்டைக் கீழே போட்டார்கள்.

ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது 63. வெப்பமும் விழிப்பும் வாட்டும் 48 வயதுப் பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தியது தவறு என்று பிந்தைய அலசல்கள் காட்டின. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால், பெரும்பாலோருக்கு நன்மை அபாயத்தைவிட அதிகம் என்பதே இன்றைய பொதுக் கருத்து. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் மேலிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை நீக்கும் நடவடிக்கையை அறிவித்தது. மார்பகப் புற்றுநோய், ரத்தக் குழாயில் கட்டி, பக்கவாதம், கல்லீரல் நோய் கண்டவர்களுக்கும் காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, புரோஜெஸ்டரோனும் சேர வேண்டும். தோலில் தடவும் ஜெல், ஒட்டும் பட்டை ஆகியவற்றால் ரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவு.

ஹார்மோன் வேண்டாதவர்களுக்கு மனச்சோர்வு மருந்துகளில் சில, குறைந்த அளவில், வெப்பத்தையும் படபடப்பையும் சேர்த்தே தணிக்கின்றன. நயோமி ரான்ஸ் கண்ட அந்த நரம்பணுக்களையே குறிவைத்துத் தயாரான முதல் மருந்து ஃபெஸோலினெடன்ட். 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எலின்ஸானெடன்ட் என்ற இன்னொன்று 2025-ல் வந்தது. ஆராய்ச்சிக்கூடக் கண்ணாடித் தகட்டிலிருந்து மருந்துக்கடைவரை முப்பது ஆண்டுகள்.

மூலிகை பற்றிக் கேட்காமல் இந்தப் பகுதியில் யாரும் விடமாட்டார்கள். வித்துராவுக்கு அடுத்த பாலோட்டில் இருக்கிறது வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம். 1987-ல் அகத்தியர் மலையில் சுற்றிய அதன் விஞ்ஞானிகள், உடன் வந்த காணிகள் களைப்பே இல்லாமல் மென்றுகொண்டிருந்த காயைப் பார்த்து ஆரோக்கியப் பச்சையை உலகுக்கு அறிமுகப்படுத்திய கதை பிரசித்தம். அது களைப்பு நீக்கும் மூலிகை, தூங்க வைப்பதல்ல. தூக்கத்துக்கென்று கடைகளில் அதிகம் விற்பது அமுக்கரா. சிலருக்கு ஓரளவு பலன் தருகிறது. ஆனால் அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி, கொச்சியைச் சேர்ந்த டாக்டர்கள் உள்ளிட்ட குழு 2023-ல் எழுதியது. ஏற்கெனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் ஒதுங்கியிருப்பதே மேல்.

கத்தி வேண்டாம், கேள்வி வேண்டும்

மாதவிடாய்த் தொல்லைக்கு ஒரே முடிவாகக் கருப்பையை எடுத்துவிடும் வழக்கம் இந்தியாவில் பயங்கரமான அளவுக்குப் போயிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13,000-க்கும் அதிகமானோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்ற செய்தி 2019-ல் நாட்டை உலுக்கியது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டு முறைகளை மாநிலங்கள் மூன்று மாதங்களில் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. இதற்கும் தூக்கத்துக்கும் என்ன தொடர்பு? கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடும். வெப்பமும் படபடப்பும் தூக்கமின்மையும் அவர்களுக்குத்தான் மிகக் கடுமை. 'தொல்லை விட்டது' என்று வீட்டுக்கு வருகிறவளுக்கு அடுத்த வாரமே வேறு தொல்லை. ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன், சினைப்பைகளையும் எடுக்கிறீர்களா, ஏன் என்று கேட்க எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு. மறுபக்கம், 12 மாதம் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அது புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும்.

டாக்டரிடம் போகும்போது நோட்டுப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகள், ஒரு வாரத் தூக்கக் கணக்கு, இரவில் எத்தனை தடவை வியர்க்கிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம். கணவர் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொல்லலாம்: மனைவி குறட்டை விடும்போது நடுவில் மூச்சு நின்று திணறுகிறாளா? அந்த நோய் ஆண்களுக்குத்தான் என்று நினைக்கிறோம், மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் அது கூடுகிறது. அதற்குச் சிகிச்சையே வேறு. வீட்டில் மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்ற வழக்கில் தீர்ப்பு அவள் பக்கம் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேரளம் இதில் மற்ற மாநிலங்களைவிட ஒரு படி முன்னால் நிற்கிறது. 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின்கீழ் குடும்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வைக் கண்டறியும் 'ஆஸ்வாசம்' கிளினிக்குகள் வந்தன. மத்திய அரசின் டெலி மானஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவு 2 மணிக்கும் பேசலாம், தமிழிலும் மலையாளத்திலும், செலவில்லாமல். ஆனால் 6 தொலைபேசி உரையாடல்களில் ஒரு பெண்ணுக்குத் தூக்கத்தைத் திருப்பித் தரும் அந்த முறையை, ஊர் ஊராகக் கொண்டுபோக ஆள் வேண்டும். வீடு வீடாகப் போய் 30 வயதைத் தாண்டியவர்களிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஆஷா பணியாளர்கள், 'ராத்திரி தூக்கம் வருதா சேச்சி? கடைசியா எப்போ வந்துச்சு?' என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால் கதவு திறந்துவிடும்.

அந்த ஆஷாக்களே 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னால் வெயிலிலும் மழையிலும் 266 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்க வேண்டும் என்பது கோரிக்கை. கூட்டிக் கொடுக்கப்பட்டது 1,000. அவர்களிலும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் குறைவில்லை. இந்த வேலையையும் அவர்களிடம் கொடுப்பதானால் பயிற்சியும் தனி ஊதியமும் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.